மூன்று அவுன்ஸ்

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
4-3-1946

அன்புள்ள அத்தானுக்கு,

அகாலத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் விளக்கையும் உங்கள் மகளையும் கோபித்துக்கொள்ளுங்கள். பாத்திமா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். சாயங்காலத்திலிருந்து வயிற்றுப் பொருமல். காலை மடக்கி மடக்கி அழுகிறாள். அம்மாவும் நானும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்ததில் இரண்டு பேருக்கும் தோள் கழன்றுவிட்டது. நாளை மறுபடியும் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். பெட்டியில் என் சேலைகளோடு இரண்டு அவுன்ஸ் பிடிக்கும் கிளாஸ் ஒன்று வைத்து அனுப்பியிருந்தீர்களே, பிள்ளைக்கு மருந்து அளக்கப் புதிதாக வாங்கியது என்று? அது புதிது இல்லை. நம் பட்டறையில் லாரி என்ஜின் தலைமேல் மூடும் ஹெட்டை அளந்த கிளாஸ். சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். அடியில் கோடு கோடாக எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கிறது. மருந்தை ஊற்றியதும் மேலே வானவில் மாதிரி மிதந்தது. அம்மா மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சப் புள்ள வாயில வைக்கிற கிளாஸுல என்ஜின் எண்ணெய் ஊத்தி விளையாடுற மாப்பிள்ளைய இன்னிக்குத்தான்டி பாக்குறேன்" என்றார்கள். நல்லவேளை, உதட்டில் படுவதற்குள் பார்த்துவிட்டேன். சீயக்காய் போட்டு மூன்று தடவை கொதிக்க வைத்தாயிற்று. வாசனை போகவில்லை. மறந்துபோய் அனுப்பியிருந்தால் பரவாயில்லை. புதிது என்று ஏன் சொன்னீர்கள்?

அந்தக் கிளாஸைப் பார்த்ததும் போன வருஷம் ஞாபகம் வந்தது. வயிற்றில் பாத்திமா, கையில் பென்சில், எதிரே கவிழ்த்துப் போட்ட லாரி ஹெட். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய வண்டிகள் மேட்டில் ஏற மாட்டாமல் நின்றன. ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். கரிப்புகைக்குப் பலம் போதாது, அதை நன்றாக அழுத்திக் கொளுத்தினால்தான் வண்டி இழுக்கும் என்றேன். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு அதற்கு மேலே ஹெட்டுக்குள் மிச்சமிருக்கும் குழியை எண்ணெய் ஊற்றி அளந்தீர்கள். பழைய ஹெட்டில் ஐந்து அவுன்ஸ். நான் பி.ஏ.க்குப் படித்த கணக்கை வைத்து மூன்று அவுன்ஸாகக் குறைக்கச் சொன்னேன். நீங்கள் மர அச்சு செதுக்கினீர்கள். உடைந்த விமானத்து அலுமினியத்தைத் திருச்சியில் உருக்கி வார்த்துக்கொண்டு வந்தீர்கள். முதல் நாள் வண்டி முக்காமல் மேட்டில் ஏறியபோது சாக்குக் கரிமூட்டை மேல் உட்கார்ந்து நீங்கள் கைதட்டியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதைச் செய்தது நீங்கள்தான் என்று முதலாளி வேணுகோபாலிடம் சொன்னீர்கள். பெண்பிள்ளை போட்ட கணக்கு என்றால் யாரும் வண்டியில் மாட்டமாட்டார்கள் என்றீர்கள். சரி என்று விட்டேன்.

ஆனால் நேற்று இங்கே பஸ் ஸ்டாண்டில் முதலாளியின் பஸ்ஸைப் பார்த்தேன். பின்னால் கரி அடுப்பைக் காணோம். ஏன் காணோம்? இப்போது பெட்ரோல் கிடைக்கிறது என்று கழற்றிவிட்டீர்களா? கழற்றியிருந்தால் ஹெட்டையும் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? மூன்று அவுன்ஸ் கரிக்கு மட்டும்தான் என்று அன்றைக்கே மூன்று தடவை சொன்னேன். பெட்ரோலை அவ்வளவு இறுக்கினால் தீப்பொறி வருமுன்னே தானாக வெடிக்கும், உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். பெட்ரோலுக்கு நான்கு அவுன்ஸுக்குக் கீழே போகவே கூடாது. இதை நீங்கள் மறந்திருக்க முடியாது.

பழைய ஹெட்டுகளை மாட்டிவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குப் பாதித் தூக்கமாவது வரும்.

உங்கள்,
அமலு

---

பெரம்பலூர்,
11-3-1946

என் அன்பு மனைவி அமலுவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதமும் உன் கோபமும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. கிளாஸ் விஷயம் என் தப்புத்தான். திருச்சிக்குப் போய்ப் புதுசு வாங்க நேரமில்லை, இதையே நன்றாகக் கழுவினேன் என்று நினைத்தேன். பிள்ளைக்கு வேறு வாங்கிக்கொள். மாமியாரிடம் என் ஸ்தோத்திரத்தைச் சொல். இன்னும் திட்டுகிறார்களா?

இங்கே நீ இல்லாமல் போய்விட்டாயே என்று இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பட்டறையில் பூஜை. புது ஹெட்டுக்குச் சந்தனம், குங்குமம், கதம்பமாலை. நம்ம சாமியாரும் அந்தப் பக்கம் வந்தவர் சிரித்துக்கொண்டே மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். முதலாளி திருச்சியிலிருந்து போட்டோக்காரனை வரவழைத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்டை மடியில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். "இது ஆரோக்கியசெல்வம் ஹெட்டுடா, பேரு அதுதான்" என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னார். என் காது குளிர்ந்துவிட்டது, அமலு. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வயதில் கரி அள்ளினவன் நான்.

கரி அடுப்பைக் கழற்றியது உண்மைதான். ஜனங்கள் புகை நாற்றம் தாங்காமல் அடுத்த கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். பெட்ரோல் இப்போது ரேஷன் கூப்பனுக்கு மேலேயும் கிடைக்கிறது. பஸ் இரண்டிலும் ஹெட் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. வேப்பந்தட்டை மேட்டில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கியர் மாற்றாமல் ஏறுகிறது! மற்ற பஸ்காரன்கள் நின்று பார்க்கிறான்கள். கொஞ்சம் தட்டத்தான் செய்கிறது. மேடு ஏறினால் எந்த என்ஜின்தான் தட்டவில்லை? அது டிரைவர் காலைப் பொறுத்தது. செல்லமுத்துவுக்குக் கால் பாரம். மெதுவாக மிதி என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய ஹெட்டை மாட்டச் சொன்னாய். முதலாளி அதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நான் என்ன செய்ய?

நல்ல சேதி இனிமேல்தான். பட்டாளத்துக்காரன் ஏலம் விடுகிற லாரிகளைச் சேலம், திருச்சியிலெல்லாம் வாங்கிக் குவிக்கிறார்கள். பத்து வண்டிக்கு ஹெட் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்கள். என்ஜின் வேறு மாதிரி. அளவெல்லாம் தனித் தாளில் குறித்திருக்கிறேன். மூன்று அவுன்ஸுக்குச் சமமாக அதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பு. எனக்கு அந்தக் கணக்கு வரமாட்டேன் என்கிறது என்று உனக்குத் தெரியும். உன்னை விட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்? பாத்திமாவுக்கு என் முத்தங்கள்.

உன்,
ஆ. செல்வம்

---

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
12-4-1946

அத்தானுக்கு,

நீங்கள் கேட்ட கணக்கை ஒரு மாதமாக நான் அனுப்பவில்லை. ஏன் என்று இரண்டு கார்டு போட்டுக் கேட்டீர்கள். மனது வரவில்லை. இப்போது காரணமே கிடைத்துவிட்டது.

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலாளி அதை எப்படிச் சொன்னாரோ. நான் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

கல்லங்குறிச்சித் தேருக்கு முதலாளியின் பஸ் ஒன்று இங்கிருந்து நடை அடித்துக்கொண்டிருந்தது. கூரை மேலெல்லாம் ஜனம். மத்தியானம் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் பலமாகத் தட்ட ஆரம்பித்திருக்கிறது. செல்லமுத்து ஓரங்கட்டி நிறுத்தி, என்ஜின் மூடியைத் தூக்கியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஹெட் பிளந்து வெந்நீரும் ஆவியும் அவன் முகத்துக்கு நேரே வந்திருக்கிறது. கையைக் குறுக்கே கொடுத்துவிட்டான். அதனால் கண் தப்பியது. வலது கை முழங்கை வரைக்கும், கழுத்து ஒரு பக்கம். உள்ளே பெண்பிள்ளைகள் அலறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அதற்கு நீங்கள் சர்வேசுரனுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவன் சம்சாரம் பூங்காவனம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மேஸ்திரி வீட்டம்மா இங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் துணிக்கட்டுக்குப் பழைய வேட்டி கொண்டுவரச் சொன்னார்களாம். நான் அவளோடு போனேன். அந்த வார்டின் வாடையை எழுத முடியாது. கையில் தோல் இல்லை, அத்தான். வேகவைத்த கிழங்கை உரித்த மாதிரி இருந்தது. நான் வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்!

"பயப்படாதீங்கம்மா. எங் காலுதான் பாரம். மேஸ்திரி சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு, மெதுவா மிதிடான்னு. நாங் கேக்கல."

பூங்காவனம் மட்டும் பொறுக்கமாட்டாமல், "ஆமா, இவுரு காலு ஆனக் காலு. தேரு வடத்த விட்டுட்டு இவுர கட்டி இழுக்கச் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

இதுவரைக்கும் கேட்டபோது எனக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் முதலாளி நேற்றே இங்கே வந்து, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தது செல்லமுத்துதான், தண்ணீர் ஊற்றாமல் வண்டியைக் காயவிட்டவனும் அவன்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். வேலையை விட்டும் நிறுத்தியாயிற்றாம். "மேஸ்திரியும் கூடவே இருந்து ஆமான்னு சொன்னாருன்னு கண்டக்டரு சொல்றான். எங்க மேஸ்திரி அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாருங்கம்மா. நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அதாவது நேற்று நீங்கள் அரியலூரில் இருந்திருக்கிறீர்கள். பெற்ற பிள்ளை இருக்கும் தெருவுக்கு வராமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

இன்று காலை பாத்திமாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த பஸ்ஸை நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போனேன். காவலுக்கு இருந்த ஆள் மேஸ்திரி சம்சாரம் என்று சொன்னதும் விட்டான். ரேடியேட்டர் மூடி இறுகப் பூட்டியே இருக்கிறது, அத்தான். நான் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. ஹெட்டில் மூன்றாவது குழிக்கும் நான்காவது குழிக்கும் நடுவே ஒரு விரல் போகும் பிளவு. அதன் ஓரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால் பிஸ்டன் தலை ஊசியால் குத்திக் குத்தி எடுத்தது போல் அரித்திருக்கிறது. தட்டித் தட்டி வந்தது அது. ஒரு நாளில் வந்தது இல்லை. என்ஜினிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை வேறு. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறீர்களா? சீ. தட்டுவதை இன்னும் மோசமாக்கும் என்று தெரிந்தேதானே?

நீங்கள் அனுப்பிய போட்டோ மேஜைமேல் இருந்தது. ஹெட்டை எவ்வளவு பதமாக மடியில் ஏந்திக்கொண்டிருக்கிறீர்கள்! பாத்திமாவை இதுவரை இரண்டு தரம்தான் தூக்கியிருக்கிறீர்கள். இரண்டு தரமும் தலை நிற்காத பிள்ளை என்று பயந்து உடனே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வார்டு வாடையே திரும்ப வருகிறது. கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஆமாம் என்று சொன்னீர்களா, இல்லையா?

அமலோற்பவமேரி

---

பெரம்பலூர்,
16-4-1946

அன்புள்ள அமலு,

உன் கடிதத்தை ஒரே தடவைதான் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கப் பலம் இல்லை.

நீ நினைக்கிற மாதிரி நான் கல்நெஞ்சன் இல்லை. செல்லமுத்து என் தம்பி மாதிரி. வார்டு வாசலிலிருந்து அவன் கையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தெருவுக்கு அந்த முகத்தோடு எப்படி வருவேன்? நீ கேட்பாய் என்று தெரியும்.

முதலாளி பேசினார், நான் நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "அப்பிடித்தானே மேஸ்திரி?" என்றார். முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யோசித்துப் பார், நான் ஹெட்டில்தான் தப்பு என்று சொன்னால் பத்து வண்டி ஆர்டர் போய்விடும், பட்டறை போய்விடும், இன்னொரு பஸ்ஸையும் நிறுத்த வேண்டும். டிரைவர் தப்பு என்றால் செல்லமுத்துவுக்கு மட்டும்தான். அவனுக்கு ஆறினதும் வேறு எங்காவது நானே சொல்லிச் சேர்த்துவிடுவேன். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் அனுப்பியிருக்கிறார்.

ஹெட்டில் தப்பு என்று எதை வைத்துச் சொல்கிறாய்? வார்ப்பில் குமிழி இருந்திருக்கலாம். மற்ற பஸ் தினம் இரண்டு நடை அரியலூர் வந்து போகிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லையே. நன்றாகத்தான் ஓடுகிறது.

இதையெல்லாம் கடிதத்தில் பேசினால் முடியாது. பாஸ்குத் திருநாளுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். பிள்ளைக்கும் ஊர்ப் பயணத்துக்கு வயதாகிவிட்டது. சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்து, தொட்டிலுக்கு உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை நம் தெருக் கோடி வண்டிக்காரரை அனுப்புகிறேன். நல்ல மாடு, மேலே கூண்டு கட்டி, வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து அனுப்புகிறேன். இரவு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். வழியில் நிறுத்தி நிறுத்திப் பால் கொடு. நீ பஸ்ஸில் வராதே. கூட்டம், தூசி, பிள்ளைக்கு ஆகாது. கட்டாயம் பஸ்ஸில் மட்டும் ஏறாதே.

அந்தப் பத்து வண்டிக் கணக்கையும் மறக்காமல் கொண்டுவா. அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

உன்,
ஆ. செல்வம்

---

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
பெரிய வெள்ளி, 19-4-1946

அத்தானுக்கு,

நேற்று மாட்டுவண்டி வந்து சேர்ந்தது. ஜமுக்காளம், தலையணை, பிள்ளைக்கு ஈ மொய்க்காமல் வலைத்துணி, எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தீர்கள். பார்த்ததும் எனக்கு மனது இளகிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். அம்மாகூட, "மனுசனுக்குப் பாசம் இருக்குடி" என்றார்கள். துணிமணியை எடுத்து அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

வண்டிக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டே, "ரா முழுக்க வண்டில குலுங்கணும், பச்ச ஒடம்பு. பேசாம பஸ்ஸுல வந்தா ஒரு மணி நேரம்தாங்க. நாஞ் சொன்னேன். மேஸ்திரி காதுல போட்டுக்கலியே. பஸ்ஸு பக்கமே போவ வேணாம்னு நாலு வாட்டி சொல்லி அனுப்புறாரு" என்றார்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

கூட்டம், தூசி என்று எழுதினீர்கள். அத்தான், மாட்டுவண்டியில் தூசி இல்லையா? பெரிய வெள்ளியன்று பஸ்ஸில் என்ன கூட்டம்? நீங்கள் தினம் இரண்டு நடை நன்றாகத்தான் ஓடுகிறது என்று எழுதிய அதே தாளில், அதே மையில், உங்கள் மகளை அதில் ஏற்றாதே என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்கிறீர்களோ, என் கணக்கு உங்களுக்குப் புரியவில்லையோ என்று இத்தனை நாளும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. எங்கே உட்கார்ந்தால் எது வெடிக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிகிறது. பாத்திமா மட்டும் தப்ப வேண்டும், மற்றவன் பிள்ளை எப்படியோ போகட்டும்.

அந்த நிமிஷம் எனக்கு உங்கள்மேல் வந்தது கோபம் இல்லை. கோபம் என்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அந்தக் கிளாஸில் மிதந்ததே, அது மாதிரி. கொதிக்க வைத்தாலும் போகாத மாதிரி.

இன்று மத்தியானம் உங்கள் பஸ் புறப்படும் நேரத்துக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். முன்சீட்டில், என்ஜினுக்கு நேர் பின்னால், வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நம் பாத்திமா வயதுதான் இருக்கும். வாயில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம், "இந்த பஸ் வேணாம்மா, இறங்கிடுங்க. அடுத்த கம்பெனி வண்டி இப்ப வந்துடும்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன், எறங்குனா நீ எங் எடத்துல குந்திக்கலாம்னா? வேற ஆளப் பாரும்மா" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் ஓடிவந்து என் காதோடு, "மேஸ்திரி சம்சாரமே இப்பிடிச் சொல்லலாமாங்க? பொழப்புல மண்ணப் போட்டுராதீங்க" என்றான். பஸ் கிளம்பிப் போய்விட்டது. அது பெரம்பலூர் போய்ச் சேர்ந்த சேதி சாயங்காலம் வரும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீங்கள் குடித்தீர்களா?

வண்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன். முழுக்க வெறுமை இல்லை. ஜமுக்காளத்துக்குள் மூன்று சாமான் இருக்கிறது.

முதலாவது, அட்டையில் வெட்டிய அச்சு. ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்க அரைக்கால் அங்குலக் கனத்தில் தாமிரத் தகடு வெட்டுங்கள், இந்த அட்டை மாதிரியே. அதை வைத்தால் குழி ஒரு அவுன்ஸ் கூடி நான்காகும். போல்ட் கொஞ்சம் நீளமாகப் போட வேண்டும். வண்டி பழையபடி முக்கித்தான் ஏறும். ஏறட்டும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தகடு வைக்கும்வரை அந்த பஸ் நிற்க வேண்டும்.

இரண்டாவது, அந்த இரண்டு அவுன்ஸ் கிளாஸ். தகடு வைத்த பிறகு பழையபடி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். இரண்டு கிளாஸ் நிறையப் பிடித்தால் சரி. ஒன்றரையில் வழிந்தால் தப்பு. இதைப் பார்க்க பி.ஏ. படித்திருக்க வேண்டாம். பாத்திமாவுக்கு மருந்தைக் கரண்டியில் கொடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, உங்கள் போட்டோ.

பத்து வண்டிக் கணக்கை நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

இன்னும் ஒன்று. ஹெட்டை முதலில் மாட்டியபோது என் பெயர் வேண்டாம் என்றீர்கள், ஒப்புக்கொண்டேன். இப்போது என் பெயர் வேண்டும். அந்த ஹெட்டுக்குக் கணக்குப் போட்டது என் சம்சாரம், அது கரி வண்டிக்கு மட்டும் என்று அவள் சொன்னாள், நான்தான் பெட்ரோல் வண்டியில் மாட்டினேன், செல்லமுத்து மூடியைத் திறக்கவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள். தலையை ஆட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள். முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் போய்ச் சொல்வேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் ஏன்டி சும்மா இருந்தாய் என்று மட்டும் கேட்டார்கள்.

பட்டறை போகும், ஆர்டர் போகும் என்று எழுதினீர்கள். போகலாம். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறேன். உங்கள் கை நல்ல கை. அது எங்கே போனாலும் பிழைக்கும். செல்லமுத்துவின் கைக்குத்தான் அந்தச் சௌகரியம் இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகு நீங்கள் அந்த பஸ்ஸிலேயே அரியலூர் வாருங்கள். முன்சீட்டில், என்ஜினுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். ஆஸ்பத்திரியில் இறங்கி முதலில் அவனைப் பாருங்கள். பிறகு நம் தெருவுக்கு வாருங்கள். திரும்பும்போது அதே சீட்டில் பாத்திமாவை உங்கள் மடியில் கொடுத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். இப்போது தலை நன்றாக நிற்கிறது, பயப்படாமல் பிடிக்கலாம். அப்படி வர முடியாது என்றால் தொட்டில் கொக்கியைக் கழற்றிவிடுங்கள்.

வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டார், கூப்பிடுகிறார். அந்த பஸ் நாளைக் காலையும் இங்கே வரும். ஆகையால் இதைப் பார்த்த உடனே அதை நிறுத்திவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அமலோற்பவமேரி